பழைய ஆபீஸ் சிஸ்டமும் கல்லூரி நெட்வொர்க்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் கல்லூரி ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் நடுவில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. மாணவர் லேபில் ஓரளவு புது மெஷின்கள். லேபுக்குப் புதுசு வந்தால் அங்கிருந்த பழசு அலுவலகத்துக்குப் போகும். அலுவலகத்தில் சலித்தது நூலகத்துக்கோ தமிழ்த்துறைக்கோ போகும். வீட்டில் அண்ணன் சட்டை தம்பிக்கு வருவது போலத்தான். அப்படி வரும் சிஸ்டங்களை நெட்வொர்க்கில் சேர்த்துவிடுவது என் வேலை. மாடிப்படியிலும் கேன்டீனிலும் நிறுத்திவைத்துக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே எழுதிவைக்கிறேன். அக்கம்பக்கத்துப் பள்ளி, கல்லூரிகளில் இதே வேலை பார்ப்பவர்களும் எடுத்துக்கொள்ளலாம்.

என் சிஸ்டம் ரொம்பப் பழசு. நெட்வொர்க்கில் சேர்ப்பீர்களா?

வயதை நான் கேட்பதில்லை. அதில் என்ன வேலை நடக்கிறது என்றுதான் கேட்பேன். ஃபீஸ் கவுன்டரில் ரசீது அடிக்கும் சிஸ்டத்துக்குப் பிரின்டரும், கணக்கு எழுதும் டேலி இருக்கிற சர்வரும் தெரிந்தால் போதும். நூலக வாசலில் புத்தகம் தேடும் சிஸ்டத்துக்கு நூலக சர்வர் ஒன்று போதும். உதவித்தொகைப் பிரிவு மட்டும் வெளியே போயே ஆகவேண்டும். புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் விவரங்களை அரசு போர்ட்டலில் ஏற்றாவிட்டால் மாணவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வந்து சேராது. அந்த மேசைக்குத்தான் இருப்பதிலேயே நல்ல சிஸ்டத்தைக் கேட்டு வாங்குவேன்.

ஆக, பழசாக இருந்தாலும் சேர்ப்பேன். ஆனால் அதன் வேலைக்கு எவ்வளவு நெட்வொர்க் வேண்டுமோ அவ்வளவுதான் திறந்துவிடுவேன். இதற்காக, எல்லாக் கேபிளும் வந்து சேரும் நெட்வொர்க் ஸ்விட்சில் விலான் என்ற தடுப்புகள் போட்டுப் பிரித்திருக்கிறேன். ஒரே கட்டிடம், ஒரே கேபிள். உள்ளே மட்டும் தனித்தனி அறை, தனித்தனிச் சாவி.

எங்கள் பிரிவில் விண்டோஸ் 7 பத்து வருஷமாக ஓடுகிறது, ஒரு வைரஸ்கூட வந்ததில்லை. அதற்கு ஏன் இன்டர்நெட் தர மாட்டேன் என்கிறீர்கள்?

இதைக் கேட்காத ஆளே இல்லை, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8, விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14, விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14. இந்தத் தேதிகளோடு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் முடிந்துவிட்டது. அதற்கு மேல் கண்டுபிடிக்கப்படும் ஓட்டையை அடைக்க ஆள் இல்லை. விண்டோஸ் 10-க்கு மட்டும், தனியாகப் பதிந்துகொண்டால் கொஞ்ச காலம் நீட்டிப்பு உண்டு.

2017 மே 12 அன்று, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாக்ரை வைரஸ் பரவியது நினைவிருக்கலாம். அது பரவ யாரும் எந்த லிங்கையும் கிளிக் செய்யத் தேவைப்படவில்லை. ஃபைல் ஷேரிங்குக்கான எஸ்எம்பி 1 என்ற பழைய முறையில் இருந்த ஓட்டை வழியாக, ஒரு மெஷினிலிருந்து பக்கத்து மெஷினுக்குத் தானே தாவியது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் அதே வருஷம் மார்ச்சிலேயே வந்திருந்தது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள். உங்களுக்கு வைரஸ் வந்ததில்லை என்பது உண்மையாகவே இருக்கட்டும். வந்தால் அது உங்கள் மேசையோடு நிற்காது என்பதுதான் என் கவலை. மார்க் ஷீட் சர்வரும் அதே ஸ்விட்சில்தான் இருக்கிறது.

இன்னொன்று, இன்டர்நெட் கொடுத்தாலும் அதில் பெரிதாக ஒன்றும் திறக்காது. விண்டோஸ் 7-க்குக் குரோம் 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. ஃபயர்ஃபாக்ஸின் 115 இஎஸ்ஆர் என்ற நீண்டகால ஆதரவுப் பதிப்புதான் அதில் ஓடும் கடைசி வரிசை. எக்ஸ்பியில் குரோம் 49. பேங்க் சைட்டோ அரசு போர்ட்டலோ பாதி திறந்து வெள்ளைப் பக்கமாக நிற்கும். அதைப் பார்த்துவிட்டு "நெட் ஸ்லோ" என்று எனக்குப் போன் வரும்.

அப்படியென்றால் விண்டோஸ் 11 போட்டுக் கொடுங்களேன்?

டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாவது தலைமுறை பிராசஸராவது வேண்டும். உங்கள் மெஷின் கோர் 2 டியோ, அதைவிட ரொம்பப் பழசு. சோதனையை ஏமாற்றிப் போட வழி இருக்கிறது, வீடியோ பார்த்து நீங்களே போட்டுவிடலாம். நாளைக்கு ஒரு அப்டேட் ஏறாமல் நின்றால் கேட்க நாதி இல்லை. ஆபீஸ் மெஷினில் அதைச் செய்ய மாட்டேன்.

நெட் வரவில்லை. ஃபார்மட் அடித்துவிடலாமா?

வேண்டாம். கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், வேண்டாம்.

தேர்வுப் பிரிவில் ஒரு சிஸ்டத்துக்கு மூன்று நாளாக நெட் விட்டு விட்டு வந்தது. வெளியிலிருந்து வந்த சர்வீஸ் ஆள் இரண்டு முறை ஃபார்மட் அடித்தும் தீரவில்லை. நான் போனபோது கிழக்குப் பக்க ஜன்னல் திறந்திருந்தது. அதற்கு நேர் கீழே சுவரில், நெட் கேபிள் செருகும் ஐஓ பாக்ஸ். கேபிளை உருவிவிட்டு உள்ளே டார்ச் அடித்தேன். எட்டுக் கம்பிகளில் மூன்றில் களிம்பு ஏறியிருந்தது. புளி போட்டுத் தேய்க்காத பித்தளைக் குத்துவிளக்கின் இடுக்கில் பிடிக்குமே, அதே பச்சை. கேபிள் நுனியிலும் அப்படித்தான். நுனியை வெட்டி எறிந்துவிட்டுப் புது ஆர்ஜே 45 பிளக் வைத்து அழுத்திக் கிரிம்ப் செய்தேன், சுவரில் ஜாக்கை மாற்றினேன். கால் மணி நேர வேலை. முதல் ஃபார்மட்டில் போன கேள்வித்தாள் ஃபோல்டர்தான் திரும்பவில்லை.

எனவே முதலில் சிபியுவின் பின்னால் லான் போர்ட்டில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியவில்லை என்றால் கேபிள், ஜாக், ஸ்விட்ச் போர்ட் ஆகிய மூன்றில் ஒன்று. பக்கத்து சிஸ்டத்தின் கேபிளை மாற்றி மாட்டிப் பார்த்தால் பாதி தெரிந்துவிடும். விளக்கு எரிந்தும் நெட் இல்லையா? கமாண்ட் பிராம்ப்ட் என்ற கறுப்பு விண்டோவில் ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று அடித்து வரும் எண்ணை எனக்குச் சொல்லுங்கள். 169.254 என்று தொடங்கினால், ஐபி என்ற நெட்வொர்க் முகவரி எண்ணைக் கேட்டு அலைந்து யாரும் தராததால் உங்கள் சிஸ்டம் தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். எண் சரியாக இருந்து எதுவும் திறக்கவில்லை என்றால் லாகின் பக்கத்தையோ, சைட்டின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்-ஐயோ பார்க்கவேண்டும்.

துறை மாறி வந்த சிஸ்டங்களில் வேறொரு தொல்லை உண்டு. பழைய இடத்தில் யாரோ கையால் போட்டுவைத்த ஐபி அப்படியே இருக்கும். இடம் மாறினால் அந்த எண் வேலைக்கு ஆகாது, அல்லது வேறொருவர் எண்ணோடு முட்டிக்கொண்டு இரண்டு பேருக்கும் நெட் போகும். அதைத் தானாக எடுத்துக்கொள்ளும்படி மாற்றினால் தீர்ந்தது. லான் கார்டு மாற்றினாலும் எனக்குச் சொல்லவேண்டும். ஒவ்வொரு கார்டுக்கும் தனியாக இருக்கும் மேக் எண்ணைப் பதிந்துதான் உள்ளே விடுகிறேன்.

எந்த சைட்டைத் திறந்தாலும் "பாதுகாப்பற்றது" என்கிறது. ஹேக் ஆகிவிட்டதா?

வலது கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள். 2009 என்று இருந்தால் ஹேக் இல்லை, பேட்டரி.

அலுவலகத்தில் ஒரு மேடம் மானிட்டர் ஓரத்தில் "தேதி மாற்றவும்" என்று மஞ்சள் துண்டுச்சீட்டு ஒட்டிவைத்து, காலையில் வந்ததும் விளக்கேற்றுவது போலத் தினமும் தேதியை மாற்றிக்கொண்டிருந்தார். எத்தனை மாதமாக என்று கேட்டேன். "இது அப்படித்தான் சார்" என்றார். மதர்போர்டில் நாணயம் அளவில் ஒரு பேட்டரி இருக்கும், சிஆர் 2032, மூன்று வோல்ட். கரன்ட் இல்லாதபோது மணியை ஓட்டுவது அதுதான். அது செத்தால் ஒவ்வொரு முறை பிளக்கைப் பிடுங்கும்போதும் சிஸ்டம் தான் பிறந்த காலத்துக்குப் போய்விடும். தான் உண்மையான சைட்தான் என்று காட்ட ஒவ்வொரு சைட்டும் வைத்திருக்கும் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி உண்டு. 2009-இல் நிற்கிற சிஸ்டத்துக்கு இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. அதனால்தான் நம்ப மறுக்கிறது.

பேட்டரி வாட்ச் கடையிலேயே கிடைக்கும். ஆனால் மாற்றுவதற்கு என்னைக் கூப்பிடுங்கள். கழற்றி மாட்டினால் பயாஸ் செட்டிங், அதாவது விண்டோஸுக்கு முன்பே மதர்போர்டு படிக்கும் செட்டிங், தொடக்க நிலைக்குப் போகும். ஹார்ட் டிஸ்க் எந்த முறையில் இயங்கவேண்டும் என்பது மாறிவிட்டால் விண்டோஸ் நீலத் திரையோடு நின்றுவிடும். பழைய செட்டிங்கைப் போனில் படம் எடுத்துவைத்துக்கொண்டுதான் நான் பேட்டரியைத் தொடுவேன். அப்புறம் உள் சர்வரிலிருந்து மணி எடுத்துக்கொள்ளும்படி செய்துவிடுவேன்.

தேதி சரியாக இருந்தும் சில சைட்டுகள் மட்டும் முரண்டு பிடித்தால் அது வேறு கதை. உலகம் முழுக்க ஏராளமான சைட்டுகளின் சான்றிதழுக்கு ஆதாரமாக இருந்த ஒரு பழைய மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. அப்டேட் பார்க்காத சிஸ்டங்களுக்கு அதற்குப் பின் வந்ததைத் தெரியாது.

எங்கள் அறையில் சிக்னல் இல்லை. நானே ஒரு வைஃபை ரவுட்டர் வாங்கி மாட்டிக்கொள்ளலாமா?

மாட்டிக்கொண்டார்கள், ஒரு துறையில். வீட்டில் சும்மா கிடந்த ரவுட்டர். சுவர் கேபிளை ரவுட்டரின் லான் துளையில் செருகிவிட்டார்கள். வீட்டு ரவுட்டரும் ஐபி கொடுக்கும் வேலையைச் செய்யும் அல்லவா? அந்த மாடியில் யார் சிஸ்டத்தை ஆன் செய்தாலும் கல்லூரி சர்வரை முந்திக்கொண்டு இது ஒரு 192.168.0 எண்ணைக் கொடுத்துக்கொண்டிருந்தது. வெளியே போக வழி இல்லாத எண். அட்மிஷன் நடக்கும் வாரம். இரண்டாவது மாடி முழுக்க நெட் இல்லை, கீழே வரிசை கேட் வரை நிற்கிறது. ஒவ்வொரு அறையாகத் தேடிக்கொண்டு போய், பீரோவுக்கு மேல் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. அதற்கப்புறம் ஸ்விட்சுகளில் வேறு எதுவும் ஐபி கொடுக்க முடியாதபடி பூட்டுப் போட்டுவிட்டேன். பூட்டு வசதி இல்லாத பழைய ஸ்விட்சுகள் இன்னும் நான்கு இருக்கின்றன. அதனால் தயவு செய்து வேண்டாம். சிக்னல் இல்லை என்றால் சொல்லுங்கள், கேபிள் இழுக்கிறேன்.

கேபிளின் இரண்டு முனையையும் ஒரே ஸ்விட்சில் செருகிவிடுவதும் இதற்கு அண்ணன் தம்பிதான். தொங்குகிற முனையைப் பார்த்தால் எங்காவது செருகிவிடத் தோன்றும். கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

பழைய சிஸ்டத்துக்கு யுஎஸ்பி வைஃபை போதாதா?

அவசரத்துக்குப் போதும். நிற்கிற இடத்திலேயே நிற்கும் மெஷினுக்குக் கேபிள்தான் நல்லது.

நெட் வருகிறது, ஆனால் ஃபைல் காப்பி ஆக யுகம் ஆகிறது. ஏன்?

100 எம்பி வேகத்துக்கு எட்டுக் கம்பியில் நான்கு போதும். ஒன்று, இரண்டு, மூன்று, ஆறு. ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். மீதி நான்கில் ஒன்று அறுந்தாலும் நெட் வரும், வேகம் மட்டும் இறங்கிவிடும். அந்தக் காலத்தில் காசு மிச்சம் பிடிக்க ஒரே கேபிளில் இரண்டு சிஸ்டம் ஓட்டியிருப்பார்கள், அதையும் பாருங்கள்.

அதைவிடக் கண்ணில் படாதது ஒன்று உண்டு. லான் கார்டு செட்டிங்கில் யாரோ ஒருவர் "100 ஃபுல் டூப்ளெக்ஸ்" (ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் பேசலாம்) என்று கையால் பூட்டிவைத்திருப்பார். ஸ்விட்ச் தானாகப் பேசி முடிவு செய்யப் பார்க்கும், இந்தப் பக்கம் பதில் வராது, அது ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பேசும் அரை டூப்ளெக்ஸுக்கு இறங்கிவிடும். ஒருவர் பேசும்போதே மற்றவரும் பேசுவார், பாதி சொல் தொலையும், மறுபடி அனுப்பவேண்டும். பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பது போலவே இருக்கும். கார்டிலும் தானாக முடிவு செய் என்று மாற்றிவிட்டால் ஓடும்.

ரசீது அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

கார்பன் வைத்து மூன்று தாளில் ஒரே அடியில் ரசீது வேண்டும் என்று கணக்குப் பிரிவு கேட்கும்வரை முடியாது. லேசர் பிரின்டர் ஊசியால் குத்தாது, அடித்தாளில் எழுத்து விழாது. பழைய பேரலல் போர்ட் உள்ள சிஸ்டத்தை இதற்காகவே காப்பாற்றி வைத்திருக்கிறேன். யுஎஸ்பிக்கு மாற்றும் கேபிள் விண்டோஸ் புரோகிராமுக்கு ஒத்துவரும், டாஸ் காலத்துப் புரோகிராமுக்குப் பெரும்பாலும் ஒத்துவராது.

ஷேர் செய்த பிரின்டர் திடீரென்று 11பி என்று முடியும் பிழை எண் காட்டினால், அது 2021 செப்டம்பர் அப்டேட்டின் பின்விளைவு. பிரின்ட் சேவையில் இருந்த ஓட்டையை அடைத்தார்கள், அதன்பின் அப்டேட் ஆன சிஸ்டமும் ஆகாத சிஸ்டமும் ஒன்றையொன்று நம்புவதில்லை. ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரி மாற்றிப் பழைய நிலைக்குக் கொண்டுபோகலாம் என்று இணையம் முழுக்கச் சொல்வார்கள். அது அடைத்த ஓட்டையைத் திரும்பத் திறப்பது. பிரின்டருக்கே ஒரு ஐபி கொடுத்து எல்லோரும் நேராக அதற்கு அனுப்பும்படி செய்வதே என் வழக்கம்.

ஜெராக்ஸ் மெஷினில் ஸ்கேன் செய்தது ஃபோல்டருக்கு வரவில்லை என்பதும் இதே குடும்பம். பழைய மெஷின்களுக்கு எஸ்எம்பி 1 மட்டும்தான் தெரியும். 2017 இலையுதிர்கால அப்டேட்டிலிருந்து புதிதாகப் போடும் விண்டோஸ் 10-இல் அது இருப்பதில்லை. அதை மறுபடி ஆன் செய்யச் சொல்லாதீர்கள். வானாக்ரை வந்த வாசல் அதுதான். மெஷினில் ஃபைல் அனுப்பும் எஃப்டிபி வசதி இருந்தால் அதில் வாங்கித் தருகிறேன்; இல்லாவிட்டால் பென்டிரைவ்.

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டால் ஓடுமா?

ஓடும். நூலகத்தில் மூன்று சிஸ்டம் அப்படித்தான் ஓடுகின்றன. தேடும் பக்கம் ஒன்றை மட்டும் திறந்து வைத்துக்கொள்ளும் மெஷினுக்கு இதைவிட நல்லது இல்லை. பாஸ் லினக்ஸ் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் நம் சென்னை மையத்திலேயே உருவானது, தமிழ் வசதியோடு வரும். நான் டெபியன் என்ற லினக்ஸ் வகையும் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப்பும் போடுகிறேன். ஒரு எச்சரிக்கை: 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ஐ 32 பிட் மெஷினில் நிறுவ முடியாது. கோர் 2 டியோவுக்குக் கவலை இல்லை, அது 64 பிட். பழைய பென்டியம் 4 வைத்திருப்பவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

டேலியும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் இருக்கிற மேசைக்கு லினக்ஸைக் கொண்டுபோக மாட்டேன். அங்கே இருப்பவர்கள் நிம்மதியாக இருக்கட்டும்.

தமிழ்த்துறையின் பழைய ஃபைல்கள் புது சிஸ்டத்தில் கிறுக்கலாகத் தெரிகின்றன. நெட்வொர்க்கில் கெட்டுவிட்டதா?

நெட்வொர்க்கில் ஃபைல் கெடாது, எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். வானவில், பாமினி போன்றவற்றில் அடித்த ஃபைலுக்குள் இருப்பவை உண்மையில் ஆங்கில எழுத்துகள். அந்த எழுத்துரு இருந்தால்தான் தமிழாகத் தெரியும். 1999-இல் டாம், டாப் என்ற தரங்கள் வந்தும் அவரவர் தம் எழுத்துருவையே கட்டிக்கொண்டார்கள். 2010-இல் தமிழக அரசு யுனிகோடைத் தரமாக அறிவித்த பிறகுதான் கொஞ்சம் ஒழுங்கு வந்தது.

பழைய சிஸ்டத்தை எடுக்கும் முன் அதில் உள்ள எழுத்துருக்களைக் காப்பி செய்துகொள்ளுங்கள். பத்து வருஷக் கேள்வித்தாளையும் ஒரே நாளில் மாற்றிவிட முடியாது; மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன, ஆனால் ஸ்ரீயும் க்ஷவும் எங்கெங்கே இடம் மாறி நிற்கின்றன என்று ஒருவர் உட்கார்ந்து படித்துப் பார்க்கவேண்டும். அதுவரை எழுத்துருவே கதி.

புதுசு வாங்கித் தர மாட்டேன் என்கிறார்கள். இதையே வேகமாக்க முடியுமா?

ஒரு எஸ்எஸ்டி போடுங்கள். பழைய சாட்டா போர்ட்டில் அது முழு வேகத்தில் ஓடாது, இருந்தாலும் ஹார்ட் டிஸ்க்கைப் பார்த்த கண்ணுக்கு வேற மெஷின் மாதிரி இருக்கும். ரேம் 4 ஜிபி ஆக்கினால் இன்னும் நல்லது. வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் ரிச்சி ஸ்ட்ரீட் நடக்கும் தூரம். டிடிஆர் 2-ஆ 3-ஆ என்று தெரியாவிட்டால் பழைய ரேமைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். ரேம் செகண்ட் ஹேண்டில் வாங்கலாம், எஸ்எஸ்டி வேண்டாம்.

எங்கள் பக்கம் மட்டும் ஏன் அடிக்கடி ரிப்பேர்?

உப்புக் காற்று. அதோடு எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி கிளப்பும் தூசி. தூசி ஃபேனில் அடையும், அது ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். ரேமைக் கழற்றிப் பள்ளிக்கூட ரப்பரால் தங்க நிறப் பட்டையைத் தேய்த்து மாட்டினால் பாதி "செத்த" சிஸ்டம் உயிரோடு எழும். ஸ்விட்ச் இருக்கும் ரேக்கைக் கடல் பக்கச் சுவரில் மாட்டாதீர்கள். சிபியுவைத் தரையில் வைக்காதீர்கள். 2015 டிசம்பர், 2023 டிசம்பர் இரண்டிலும் கீழ்த்தளத்தில் தண்ணீர் வந்தது, இரண்டாவது முறை மேசை மேல் இருந்தவை தப்பின. ஐப்பசி பிறந்ததும் நானே சுற்றி வந்து தூக்கி வைக்கச் சொல்வேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சேர்க்கவே முடியாததைக் காயலான் கடைக்குப் போடலாமா?

கூடாது. பதிவேட்டில் கழித்து, மின்கழிவு எடுக்க அனுமதி பெற்றவரிடம்தான் கொடுக்கவேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் மின்கழிவு விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. டிலீட் செய்ததும் சாதாரணமாக ஃபார்மட் அடித்ததும் அழிந்ததாக நினைக்காதீர்கள், திரும்ப எடுத்துவிடலாம். மாணவர் ஆதார் நகல், பேங்க் கணக்கு எண் எல்லாம் அதில் இருக்கும். ஹார்ட் டிஸ்க்கை நான் கழற்றிய பிறகுதான் சிபியு கேட்டைத் தாண்டும்.

உங்களிடம் கொண்டுவரும்போது என்னென்ன எடுத்து வரவேண்டும்?

சிபியு மட்டும். மானிட்டர், கீபோர்டு, பவர் கேபிள் என்னிடம் இருக்கின்றன. பின்னால் டேலி டாங்கிள் (டேலி உரிமத்துக்கான சின்ன யுஎஸ்பி சாவி) செருகியிருந்தால் உருவி உங்கள் டிராயரில் பூட்டிவையுங்கள், வழியில் விழுந்துவிடும். பாஸ்வேர்டைத் தாளில் எழுதி மேலே ஒட்டாதீர்கள், வந்து சொல்லுங்கள். முக்கியமாக, டெஸ்க்டாப்பில் உள்ள ஃபைல்களைப் பென்டிரைவில் எடுத்தீர்களா என்று கேட்பேன். "எல்லாம் டி டிரைவில் இருக்கு சார்" என்றால் அந்த டி டிரைவும் அதே ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கிறது.